ஊதுலையும் அதன் உணவும்: மரக்கரி முதல் மாற்றுக் காபன்கள் வரை

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எழுதுவோர் 1709 ஆம் ஆண்டினை ஓர் எல்லைக்கல்லாகக் கொள்வது வழக்கம். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் சிறொப்சயர்ப் பகுதியிலுள்ள கோல்புறூக்டேல் என்னுமிடத்தில் ஏபிரகாம் டாபி என்பார் மரக்கரிக்குப் பதிலாகக் கற்கரியை இட்டு ஊதுலையில் இரும்பை உருக்கினார். காடுகள் அழிந்தன, மரக்கரி அருகியது, இரும்புத் தொழில் அழியும் தறுவாயில் நின்றது, அவ்வேளை ஒரு மனிதரின் மதிநுட்பம் அதனைக் காத்தது. பாடநூல்கள் கூறும் கதை இதுவாகும். கேட்பதற்கு இனிய இக்கதை சில வினாக்களுக்கு விடை தருவதில்லை. 1709 இல் கண்ட வழியைப் பிற உலைக்காரர் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஏன் பின்பற்றவில்லை? மரக்கரியை விட்டு வெகுதூரம் சென்றுவிட்ட தொழில் இன்று மீண்டும் மரக்கரியையும், கழிவு நெகிழியையும், வேறு பல காபன் பொருட்களையும் ஏன் நாடுகின்றது?

இவ்விரு வினாக்களும் உண்மையில் ஒரே வினாவின் இரு முகங்களாகும். ஓர் எரிபொருளின் இடத்தை மற்றொன்று பிடிப்பது எப்போது இயல்கின்றது, எப்போது இயலாது போகின்றது என்பதே அவ்வினா. இதனை மூன்று நூற்றாண்டு கால ஊதுலை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊதுலையில் காபனின் நான்கு பணிகள்

வரலாற்றினுட் புகுமுன் ஊதுலையின் இயல்பினைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல், காபன் எரிபொருள் ஆகியன உலையின் மேல்வாயிலிருந்து அடுக்கடுக்காக இடப்படுகின்றன. கீழ்ப்புறத்து ஊதுவாய்களினூடாகக் காற்று வலிந்து செலுத்தப்படுகின்றது. உலையினுள் இடப்படும் காபன் வெறும் விறகன்று. அது நான்கு பணிகளை ஒருங்கே ஆற்றுகின்றது. முதலாவதாக, எரிந்து வெப்பத்தைத் தருகின்றது. இரண்டாவதாக, காபனோரொட்சைட்டாக மாறி மேலெழுந்து, தாதிலுள்ள ஒட்சிசனைக் கவர்ந்து, தாதினை இரும்பாகத் தாழ்த்துகின்றது. மூன்றாவதாக, தாதும் கல்லும் இளகிக் களியாகும் ஆழத்திலும் தான் மட்டும் உருகாது திண்மமாக நின்று, மேலுள்ள பாரம் முழுவதையும் தாங்குவதோடு, வாயு மேலேறவும் உருகிய இரும்பு கீழிறங்கவும் இடைவெளி விடுகின்றது. நான்காவதாக, இரும்பிற் கரைந்து அதன் உருகுநிலையைத் தாழ்த்துகின்றது. தூய இரும்பு 1538 பாகை செல்சியசில் உருகும். நான்கு சதவீதத்திற்குச் சற்று மேலாகக் காபன் கலந்த இரும்போ 1150 பாகை அளவிலேயே உருகிவிடும்.

வெப்பத்தைப் பல பொருட்கள் தரலாம். தாழ்த்தும் வாயுவையும் பல பொருட்கள் தரலாம். ஆனால் உலையின் அடியில் உருகாது நின்று பாரந் தாங்கும் பணியை எல்லாப் பொருளும் செய்துவிடாது. மாற்று எரிபொருட்களின் வரலாறு முழுவதிலும் இம்மூன்றாவது பணியே திரும்பத் திரும்பத் தடையாக நிற்பதைக் காண்போம்.

பழைய சிற்றுலைகளில் இத்தடை எழவில்லை. அவற்றில் இரும்பு உருகுவதில்லை. பஞ்சுபோன்ற திண்மக் கட்டியாகத் திரண்டு, பின்னர் சம்மட்டியால் அடித்துத் தூய்மையாக்கப்பட்டது. இலங்கையிற் பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவாவிப் பகுதியில் கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய உலைகள், தென்மேற் பருவக்காற்றின் வலிமையையே துருத்தியாகக் கொண்டிருந்தமையைத் தொல்லியலாளர் கில் யூலெவ் 1996 இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. அவ்வுலைகள் உயரங் குறைந்தவை. மரக்கரி அவற்றிற்குப் போதுமானதாயிருந்தது. உலை உயர்ந்து, இரும்பு திரவமாக ஓடத் தொடங்கிய பின்னரே எரிபொருளின் வலிமை ஒரு பிரச்சினையாயிற்று.

மரக்கரியும் காட்டின் எல்லையும்

இங்கிலாந்தில் ஊதுலை 15 ஆம் நூற்றாண்டின் இறுதியில், தென்கிழக்கிலுள்ள வீல்டு பகுதியில் வேரூன்றியது. 16 ஆம் நூற்றாண்டில் அங்கு உலைகள் பெருகின. கப்பல் கட்டுதற்குரிய மரம் உலைக்கு இரையாகின்றதென்ற முறைப்பாடுகளும் உடன் பெருகின. 1558, 1581, 1585 ஆகிய ஆண்டுகளில் இரும்புத் தொழிலுக்காக மரந் தறிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இச்சட்டங்களையும் முறைப்பாடுகளையும் சான்றாகக் கொண்டே மரப்பஞ்சம் என்னும் கொள்கை உருவாயிற்று. 1924 இல் இங்கிலாந்தின் இரும்பு, உருக்குத் தொழில் பற்றிய நூலை வெளியிட்ட ரீ. எஸ். ஆஷ்ரன் இக்கொள்கைக்குப் பெருஞ் செல்வாக்கினைத் தேடித்தந்தார்.

பிற்காலத்து ஆய்வாளர் இதனை மறுத்துள்ளனர். 1973 இல் வெளிவந்த ஹமர்சிலியின் கட்டுரை, மரக்கரிக்குரிய மரம் பெரும்பாலும் அழிந்த காடுகளிலிருந்தன்றி, வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கவிடப்பட்ட தோப்புகளிலிருந்தே பெறப்பட்டதெனக் காட்டியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டப்படும் இத்தோப்புகள் முறையாகப் பேணப்பட்டால் என்றென்றும் பயன்தருவன. நிலவுடைமையாளனுக்கு வருவாய் தரும் வரையில் தோப்பினை அழிக்க அவன் முன்வரான். எனவே இரும்புத் தொழில் காட்டினை அழித்தது என்பதிலும், பல இடங்களில் அத்தொழிலே தோப்பினைக் காத்தது என்பது பொருத்தமாகும்.

எனினும் மரக்கரிக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை அழிவினால் வந்ததன்று, பரப்பினால் வந்தது. மரம் நிலத்தின் மீது வளர்வது. உற்பத்தியை இருமடங்காக்க வேண்டுமாயின் தோப்பும் இருமடங்காக வேண்டும். தோப்பு விரிய விரியக் கரியைக் கொண்டுவரும் தூரமும் கூடும். மரக்கரியோ எளிதில் நொறுங்குவது. நெடுந்தூரம் வண்டியிற் குலுங்கிச் சென்றால் பெரும்பகுதி தூளாகிவிடும். தூள் உலையை அடைத்துவிடுமாதலால் பயனற்றது. ஆகவே ஓர் உலையைச் சூழ்ந்த சில மைல் வட்டத்துள் வளரும் மரத்தின் அளவே அவ்வுலையின் உற்பத்தி அளவாயிற்று. மேலும், மரக்கரியின் மென்மை உலையின் உயரத்தையும் கட்டுப்படுத்தியது. மரக்கரியாலும் இரும்பு செய்யலாம்; ஆனால் இரும்பினை மலிவாகவும் வரையறையின்றியும் செய்தல் இயலாது. பிரச்சினை பஞ்சமன்று, வளர்ச்சியே என்பதனை உணர்தல் வேண்டும்.

கற்கரி: ஐம்பது ஆண்டுத் தயக்கம்

நிலக்கரியை உலையில் இட முயன்றோர் டாபிக்கு முன்னரும் இருந்தனர். டட் டட்லி என்பார் 1620 களில் தாம் நிலக்கரி கொண்டு நல்ல இரும்பு செய்ததாக 1665 இல் வெளியிட்ட தமது நூலில் உரிமை கோரினார். அவர் கூற்று எவ்வளவு தூரம் மெய்யென்பது ஒருபுறமிருக்க, அவரது முறை நிலைபெறவில்லை என்பது தெளிவு. நிலக்கரியை அவ்வாறே இடுவதில் இரு தடைகள் இருந்தன. ஒன்று, அதிலுள்ள கந்தகம் இரும்பிற் சேர்ந்து, செஞ்சூட்டில் அடிக்கும்போது இரும்பினை வெடிக்கச் செய்தது. மற்றையது, பல நிலக்கரிகள் சூடேறும்போது இளகி ஒட்டிக்கொண்டு காற்றின் வழியை அடைத்துவிட்டன. நிலக்கரியைக் காற்றுப்படாது சுட்டு, ஆவியாகும் பொருட்களை வெளியேற்றிக் கற்கரியாக்கினால் இரண்டாவது தடை நீங்கும். முதலாவது ஓரளவு குறையும். இவ்வித்தையை இரும்புத் தொழிலார் கண்டுபிடிக்கவில்லை. 17 ஆம் நூற்றாண்டிலேயே டார்பிசயர்ப் பகுதியில், முளைத்தானியம் உலர்த்துவோர் புகையற்ற எரிபொருள் வேண்டிக் கற்கரியைப் பயன்படுத்தியிருந்தனர்.

டாபி முளைத்தானியத் தொழிலிலும், பின்னர் பிறிஸ்ரல் நகரிற் பித்தளை வார்ப்பிலும் பயின்றவர். 1707 இல் மணல் அச்சில் இரும்புப் பானைகளை வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் வேண்டியது அடித்து வளைக்கும் இரும்பன்று, வார்க்கும் இரும்பு. இவ்வேறுபாடே அவரது வெற்றியின் திறவுகோலாகும். கற்கரி உலையின் இரும்பிற் சிலிக்கன் மிகுந்திருந்தது. அது அச்சினுள் நன்கு ஓடி மெல்லிய பானைகளாக வார்க்க ஏற்றது. ஆனால் கொல்லுலையில் மெல்லிரும்பாக மாற்றுவதற்குச் செலவு மிக்கது. அக்காலத்து இரும்பிற் பெரும்பங்கு வாங்கப்பட்டது கொல்லுலைகளுக்கே. கோல்புறூக்டேல் பகுதியின் நிலக்கரி கந்தகங் குறைந்ததாக அமைந்தமையும் அவருக்கு வாய்த்த நற்பேறாகும்.

எனவே பிறர் அவரைப் பின்பற்றாமைக்கு அறியாமையோ பழமைப் பற்றோ காரணமன்று. 1977 இல் சாள்சு ஹைட் வெளியிட்ட ஆய்வு உலைகளின் கணக்கேடுகளைக் கொண்டு இதனை நிறுவியது. 1750 கள் வரையில் கொல்லுலைக்குரிய இரும்பைக் கற்கரியாற் செய்வது மரக்கரியாற் செய்வதிலும் செலவு கூடியதாகவே இருந்தது. கணக்குத் தெரிந்த உலைக்காரன் மரக்கரியை விடாதிருந்தது அறிவுடைமையே. 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரக்கரியின் விலை ஏற, கற்கரிச் செலவு இறங்க, நிலைமை மாறிற்று. டாபியின் மகனான இரண்டாம் ஏபிரகாம் டாபி, கொல்லுலைக்கு ஏற்ற கற்கரி இரும்பினை 1750 களில் உருவாக்கினார். 1755 இல் ஹோஸ்ஹேயில் எழுந்த உலை இம்மாற்றத்தின் அடையாளமாகும்.

இதன் பின்னணியில் மற்றொரு காரணி இருந்தது, அது காற்று. கற்கரி மரக்கரியைக் காட்டிலும் மெதுவாக எரிவது. வலிய ஊதலை வேண்டுவது. கந்தகத்தைக் கசட்டினுட் சேர்த்து அகற்றுவதற்குச் சுண்ணாம்பு கூடுதலாக வேண்டும். அக்கசடு உருகுதற்கு உயர்ந்த வெப்பநிலை வேண்டும். அதற்கும் வலிய காற்றே வேண்டும். நீர்ச்சக்கரத்தால் இயங்கிய தோற்றுருத்திகள் இதற்குப் போதவில்லை. இரும்பாலான காற்று உருளைகளும், 1776 இல் யோன் வில்கின்சனின் உலையிற் பொருத்தப்பட்ட வாற்றின் நீராவி எந்திரமும் இக்குறையை நீக்கின. நீராவி எந்திரங்களின் உருளைகளைக் கோல்புறூக்டேல் உலைகளே 1720 களிலிருந்து வார்த்து வந்தன என்பது நோக்கற்பாலது. கற்கரி இரும்பு எந்திரத்தைத் தந்தது; எந்திரம் சுரங்க நீரை இறைத்து நிலக்கரியைத் தந்தது; அதே எந்திரம் உலைக்குக் காற்றையும் தந்தது. 1784 இல் ஹென்றி கோட் காப்புரிமை பெற்ற கிளறல் முறை, மெல்லிரும்பு செய்வதிலும் மரக்கரியின் தேவையை ஒழித்தது. இவையனைத்தும் ஒன்றுகூடிய பின்னரே மரக்கரியின் ஆட்சி இங்கிலாந்தில் முடிவுற்றது. எரிபொருளை மட்டும் மாற்றி ஒருவரும் வெல்லவில்லை. எரிபொருளைச் சூழ்ந்த தொழில் முழுவதும் மாறவேண்டியிருந்தது.

சூடான காற்றும் அந்திரசைற்றும்

இவ்வுண்மையை 19 ஆம் நூற்றாண்டு மேலும் உறுதிப்படுத்துகின்றது. உலையினுள் குளிர்ந்த காற்றைச் செலுத்துவதே சிறந்தது என உலைக்காரர் நம்பினர். குளிர்காலத்தில் உலைகள் நன்கு இயங்கியதே அந்நம்பிக்கைக்கு ஆதாரம். குளிர்காலக் காற்றின் நன்மை அதன் குளிர்ச்சியிலன்று, ஈரப்பதன் குறைவிலேயே தங்கியிருந்தது. கிளாஸ்கோ நகர எரிவாயு நிலையத்தை நடத்திய யேம்சு போமன்ற் நீல்சன் இந்நம்பிக்கைக்கு மாறாக, காற்றை முன்னரே சூடாக்கிச் செலுத்தும் முறைக்கு 1828 இல் காப்புரிமை பெற்றார். அங்குள்ள கிளைட் இரும்பாலையில் 1829 இல் ஒரு தொன் இரும்புக்கு ஏறக்குறைய 8 தொன் நிலக்கரி செலவாயிற்று. 1833 இல் அது 2¼ தொன் அளவிற்குக் குறைந்தது.

இக்குறைவு சூடான காற்றினால் மட்டும் வந்ததன்று. காற்றுச் சூடேறியபின், ஸ்கொத்லாந்தின் கடினமான, ஒட்டாத நிலக்கரியைக் கற்கரியாக்காமலே நேரே உலையில் இட முடிந்தது. கற்கரியாக்குவதில் வீணான பகுதி மிஞ்சியது. அதுவரை மதிப்பற்றிருந்த நிலக்கரி ஒரு நாட்டின் செல்வமாயிற்று.

அந்திரசைற்றின் கதையும் இத்தகையதே. தென்வேல்சின் மேற்குப் பகுதியிலும் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் கிடைத்த இந்நிலக்கரி ஏறக்குறையத் தூய காபன், கந்தகங் குறைந்தது, வலியது. ஆயினும் நெருக்கமான அமைப்புடையதாதலால் குளிர்காற்றில் எரிய மறுத்தது. 1837 இல் இனிஸ்கெட்வின் ஆலையில் ஜோர்ஜ் கிறேனும் டேவிட் தோமசும் சூடான காற்றினால் அதனை எரித்து இரும்பு செய்தனர். தோமசு அமெரிக்கா சென்று, பென்சில்வேனியாவின் கற்றசோக்குவாவில் அமைத்த உலை 1840 யூலையில் முதல் இரும்பை ஈந்தது. 1855 அளவில் அமெரிக்காவில் அந்திரசைற்று இரும்பின் அளவு மரக்கரி இரும்பை மிஞ்சியது. ஆனால் அந்த வெற்றி நீடிக்கவில்லை. அந்திரசைற்று உலையிற் சூடேறும்போது வெடித்துச் சிறு துண்டுகளாகச் சிதறுவது. அடர்த்தி மிக்கதாதலால் மெதுவாக எரிவது. உலைகள் பெருத்து, நாளாந்த உற்பத்தி உயர உயர, துளைகள் நிறைந்து வலிமையுடன் நின்ற கொனல்ஸ்வில் கற்கரிக்கு அது ஈடுகொடுக்க முடியவில்லை. 1875 இல் நிலக்கரி, கற்கரி வழிவந்த இரும்பு அந்திரசைற்று இரும்பை முந்தியது. முன்னர் கூறிய மூன்றாவது பணியே ஈண்டும் தீர்ப்பு வழங்கியது.

பரங்கிப்பேட்டை: ஒரு தோல்வியின் பாடம்

மாற்றம் நிகழ்ந்த நாடுகளை மட்டும் நோக்குவது வரலாற்றை முழுமையாக்காது. அதே காலத்தில் தமிழகக் கரையில் நிகழ்ந்த முயற்சியொன்றும் நம் கவனத்திற்குரியது. கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் பணியிலிருந்து விலகிய யோசையா மார்சல் ஹீத், 1830 அளவில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையிலான இரும்பாலையை நிறுவினார். சேலத்து மலைகளின் உயர்தரத் தாது கொள்ளிடத்தின் வழியாகப் படகுகளிற் கொண்டுவரப்பட்டது. எரிபொருள் மரக்கரி. மலபார்க் கரையில் பேப்பூரிலும் மற்றோர் ஆலை எழுந்தது. உருக்குச் செய்தற்கு சுவீடனின் மரக்கரி இரும்பையே நம்பியிருந்த செபீல்டு நகரத்தாருக்கு இவ்விரும்பு ஏற்றதென ஹீத் கருதினார். தரத்தில் அவர் எண்ணம் பிழைபடவில்லை. இரும்பு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியும் செய்யப்பட்டது.

ஆனால் ஆலை இலாபம் தரவில்லை. தாது உள்நாட்டில், உலை கடற்கரையில். கரியோ நாளுக்கு நாள் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. ஒரு சிற்றூர்க் கொல்லனின் சிற்றுலைக்குச் சுற்றுக் காட்டின் சுள்ளி போதும். ஊதுலையின் ஓயாத பசிக்கு முறையாக வளர்க்கப்பட்ட தோப்புகள் வேண்டும். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக உருவான தோப்பு முறை இங்கு உருவாக்கப்படவில்லை. கடனும் மானியமும் ஆலையைச் சில காலம் தாங்கின. 1853 இல் புதிய கம்பனியொன்று பொறுப்பேற்றது. 1860 களில் ஆலைகள் மூடப்பட்டன. ஸ்கொத்லாந்தின் உலைகள் சூடான காற்றாலும் நிலக்கரியாலும் மலிவான இரும்பை உலகெங்கும் பரப்பிய அதே பதின்மங்களில், சேலத்தின் சிறந்த தாது கரியின்மையாற் தோற்றது. தாதுவளம் மட்டும் ஒரு நாட்டில் இரும்புத் தொழிலை நிலைநாட்டாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஹீத் தாம் உருக்கில் மங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839 இல் பெற்ற காப்புரிமையாலும் பயனடையாது, வழக்குகளிற் காலங்கழித்து 1851 இல் மறைந்தார்.

கற்கரி இல்லாதார் கண்ட வழிகள்

20 ஆம் நூற்றாண்டில் கற்கரி உலகத்தை ஆண்டது எனினும், கற்கரிக்கேற்ற நிலக்கரி எல்லா நாடுகளுக்கும் வாய்க்கவில்லை. அத்தகைய நாடுகள் மூன்று வழிகளை நாடின.

முதலாவது, மரக்கரியையே பெரிய அளவில், திட்டமிட்டுப் பயன்படுத்துதல். மைசூர் அரசு பத்திராவதியில் அமைத்த இரும்பாலை 1923 இல் மரக்கரி ஊதுலையுடன் இயங்கத் தொடங்கியது. விசுவேசுவரய்யா அதன் வளர்ச்சியிற் பெரும்பங்கு கொண்டார். மரத்தைச் சுடும்போது வெளிவரும் ஆவியை வீணாக்காது வடித்து, தார் முதலிய துணைப்பொருட்களைப் பெறும் நிலையமும் அங்கு இணைக்கப்பட்டது. மேற்கு அவுத்திரேலியாவின் வுண்டவி ஆலை 1948 முதல் 1981 வரை மரக்கரி இரும்பு செய்தது. பிறேசிலின் மினாஸ் ஜெறாயிஸ் மாநிலம் இவ்வழியில் மிகத் தொலைவு சென்றது. யூக்கலிப்ரசுத் தோட்டங்களின் துணையுடன் இன்றும் அங்கு மரக்கரி ஊதுலைகள் பல இயங்குகின்றன. ரிமோத்தேயு நகரிலுள்ள உருக்காலை 2011 இல் தன் ஊதுலைகளை முற்றாக மரக்கரிக்கு மாற்றியது.

இரண்டாவது வழி, உலையைக் குறுக்குதல். இரண்டாம் உலகப் போரின்பின் ஜேர்மனி பிரிவுண்டபோது, றூர்ப் பகுதியின் கற்கரி மேற்கிற் சிக்கியது. கிழக்கில் எஞ்சியது பழுப்பு நிலக்கரி. நீர் மிகுந்து எளிதில் உதிரும் இந்நிலக்கரியிலிருந்து உலைக்கேற்ற கற்கரி செய்யும் முறையினை பில்கென்றொத், றம்லர் என்னும் இரு பேராசிரியர்கள் உருவாக்கினர். நன்கு அரைத்து, உலர்த்தி, அழுத்திக் கட்டிகளாக்கிச் சுடுவது அம்முறை. லவுக்கமர் நிலையம் 1952 இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆயினும் இக்கற்கரி உயர்ந்த உலையின் பாரத்தைத் தாங்காது. எனவே கால்பே என்னுமிடத்தில் உயரங் குறைந்த பத்து உலைகள் கட்டப்பட்டன. எரிபொருள் உலைக்கேற்ப மாறாதபோது, உலை எரிபொருளுக்கேற்ப மாறிற்று. பலர் இயலாதெனக் கருதிய இம்முயற்சி தொழில்நுட்பத்தில் வென்றது, செலவிலன்று. வெளியிலிருந்து நல்ல தாதும் கற்கரியும் பெறும் வாய்ப்பு வந்ததும் குறுவுலைகளுக்கு வேலையற்றுப்போயிற்று. சேலத்துத் தாதினை நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியுடன் இணைக்கும் எண்ணமும் 1950, 1960 களில் ஆராயப்பட்டமை இங்கு நினைக்கத்தக்கது. 1980 களின் தொடக்கத்திற் சேலத்தில் இயங்கத் தொடங்கிய ஆலையோ கறைபடா உருக்குத் தகடுகளை உருட்டும் ஆலையாகவே அமைந்தது. அங்கு ஊதுலை எழவில்லை.

மூன்றாவது வழியே மிகப் பயனுடையதாயிற்று. அது கற்கரியின் பணிகளைப் பிரித்தல். பாரந் தாங்கும் பணியைக் கற்கரியிடமே விட்டு, வெப்பந் தருவதையும் தாழ்த்துவதையும் வேறு பொருட்களிடம் ஒப்படைப்பது. அப்பொருட்களை மேல்வாயிலிருந்து இடாது, கீழே ஊதுவாயினூடாகக் காற்றுடன் செலுத்தினால் அவை வலிமையற்றவையாயினும் தீங்கில்லை. 1960 களில் எண்ணெயும் இயற்கை வாயுவும் இவ்வாறு செலுத்தப்பட்டன. அதே காலத்தில் அமெரிக்காவின் ஆஷ்லாந்திலும் சீனாவிலும் நிலக்கரித் தூள் செலுத்தப்பட்டது. 1973 இன் எண்ணெய் நெருக்கடி எண்ணெயை விலையுயர்ந்த பொருளாக்க, உலகின் கவனம் நிலக்கரித் தூளின்பாற் திரும்பியது. 1981 இல் யப்பானின் ஒயிற்றா ஆலை இம்முறையை மேற்கொண்டது. இன்று சிறந்த உலைகளில் ஒரு தொன் இரும்புக்கு 300 கிலோகிராம் அளவிற் கற்கரியும், 150 முதல் 200 கிலோகிராம் வரை நிலக்கரித் தூளும் செலவாகின்றன. நிலக்கரித் தூளுக்குக் கற்கரிக்கேற்ற அரிய நிலக்கரி வேண்டியதில்லை, மலிவானதே போதும்.

இவ்வழி திறந்தபின் வேறு பொருட்களும் உட்புகுந்தன. 1990 களின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் பிறேமன் ஆலையும், 1996 இல் யப்பானின் கெய்கின் ஆலையும் கழிவு நெகிழியை ஊதுவாயிற் செலுத்தின. நெகிழியை மேல்வாயில் இட்டால் கீழிறங்குமுன் உருகிப் புகையாகிவிடும். ஊதுவாயிலோ அதன் காபனும் ஐதரசனும் இரண்டுமே தாதினைத் தாழ்த்தும் வாயுவாகின்றன. குளோரீன் கொண்ட நெகிழி உலைக்கும் குழாய்களுக்கும் கேடு தருமாதலால் முன்கூட்டியே பிரித்தெடுக்கப்படல் வேண்டும். பிறேசிலில் மேல்வாய்க்கு உதவாத மரக்கரித் தூளும் இதே வழியிற் பயன்படுகின்றது. ஒரு காலத்தில் மரக்கரியின் பெருங் குறையாயிருந்த நொறுங்குந் தன்மை இங்கே குறையாகக் கருதப்படுவதில்லை.

மரத்திற்கு மீளல் இயலுமா?

அண்மைக் காலத்தில் மாற்றுக் காபன்கள் மீதான நாட்டம் விலையால் மட்டும் எழுந்ததன்று. ஊதுலை வழியாக ஒரு தொன் உருக்குச் செய்யும்போது ஏறக்குறைய 2 தொன் காபனீரொட்சைட்டு வெளியாகின்றது. உலகில் மனிதரால் வெளியாகும் காபனீரொட்சைட்டில் 7 முதல் 9 சதவீதம் வரை உருக்குத் தொழிலுக்குரியதெனக் கணிக்கப்படுகின்றது. மரம் வளரும்போது வளியிலிருந்து பெற்ற காபனையே எரியும்போது திருப்பித் தருவதால், மரக்கரி மீண்டும் புகழப்படுகின்றது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் பழமையெனக் கைவிடப்பட்டது எதிர்காலத்தின் எரிபொருளாகப் பேசப்படுகின்றது.

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். உலகில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1300 மில்லியன் தொன் ஊதுலை இரும்பு செய்யப்படுகின்றது. ஒரு தொன்னுக்கு 650 கிலோகிராம் மரக்கரி எனக் கொண்டால், வேண்டிய மரக்கரி ஏறக்குறைய 845 மில்லியன் தொன். நன்கு பேணப்பட்ட யூக்கலிப்ரசுத் தோட்டம் எக்டேயர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 5 தொன் மரக்கரி தருமெனத் தாராளமாகவே கொள்வோம். அவ்வாறாயின் வேண்டிய நிலம் ஏறக்குறைய 169 மில்லியன் எக்டேயர். இலங்கையின் மொத்தப் பரப்பு 6.5 மில்லியன் எக்டேயர் அளவினதே. அதாவது, வயலும் ஊரும் மலையும் குளமும் சேர்ந்த முழு இலங்கையைப் போல் இருபத்தாறு மடங்கு நிலம் இரும்புக்கு மட்டும் மரம் வளர்க்க வேண்டும். வீல்டு பகுதியின் உலைக்காரன் தன் சில மைல் வட்டத்துட் சந்தித்த அதே எல்லையை இன்று உலகம் முழுவதும் சந்திக்கின்றது.

அந்நிலம் எங்கிருந்து வரும் என்பதும் அற்ப வினாவன்று. பிறேசிலின் வடபகுதியில், கறாயாஸ் தாதுவளத்தை அண்டி 1980 களிலிருந்து எழுந்த உலைகள் பல, வளர்த்த மரத்தையன்றி இயற்கைக் காட்டின் மரத்தையே சுட்டன. கரிச்சூளைகளில் அடிமைகளை ஒத்த நிலையில் தொழிலாளர் வைக்கப்பட்டிருந்தமை அரசாங்க விசாரணைகளில் வெளிப்பட்டது. மரக்கரி தன்னளவில் தூயதுமன்று, தீயதுமன்று. மரத்தை வளர்ப்பவர் யார், வெட்டுபவர் யார், சூளையில் வெந்து கரியாக்குபவர் எந்நிலையில் வாழ்கின்றார் என்பனவே அதன் தூய்மையைத் தீர்மானிக்கின்றன.

காபனையே விலக்கி ஐதரசனால் தாதினைத் தாழ்த்தும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. 2020 இல் சுவீடனின் லூலியோ நகரில் இதற்கான சோதனை நிலையம் இயங்கத் தொடங்கியது. 1960 கள் வரை மரக்கரி ஊதுலையைக் கைவிடாதிருந்த நாடே இன்று காபனற்ற இரும்பை முதன்மையாக நாடுவது வியப்பிற்குரியதன்று. பெருமளவு நிலக்கரி வளம் இல்லாத நாடு அன்று காட்டினை நம்பியது. இன்று நீர்மின்னை நம்புகின்றது. ஆனால் அங்கும் ஊதுலை கைவிடப்பட்டு வேறு வகை உலையே கையாளப்படுகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். கற்கரியின் மூன்றாவது பணியை ஒரு வாயு செய்யவியலாது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். எரிபொருள் மாற்றம் என்பது ஒரு பொருளை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும் எளிய செயலன்று. கற்கரி வெல்வதற்கு நீராவிக் காற்றும் கிளறல் உலையும் வேண்டியிருந்தன; அந்திரசைற்று எரிவதற்குச் சூடான காற்று வேண்டியிருந்தது; பழுப்பு நிலக்கரிக்குக் குறுவுலை வேண்டியிருந்தது; நெகிழிக்கும் நிலக்கரித் தூளுக்கும் ஊதுவாய் வழி வேண்டியிருந்தது. பரங்கிப்பேட்டையில் நல்ல தாதும் முயற்சியும் இருந்தும், எரிபொருளைச் சூழ்ந்த ஏற்பாடுகள் இல்லாமையால் தோல்வியே எஞ்சியது. எனவே மாற்றுப் பொருளொன்று முன்வைக்கப்படும்போது, அது எரியுமா என்று மட்டும் வினவுதல் போதாது. நான்கு பணிகளுள் எதனை அது ஏற்கின்றது, எஞ்சியதை எது ஏற்கும், அதற்குரிய நிலமும் உழைப்பும் யாருடையவை என்று வினவுதல் வேண்டும்.

1709 இன் கதையைத் தனிமனித மேதைமையின் கதையாகப் பயிலும் மாணவன், இன்றும் அத்தகைய மேதை ஒருவர் வந்து விடை தருவாரெனக் காத்திருப்பான். ஐம்பது ஆண்டுத் தயக்கத்தின் கதையாக அதனைப் பயிலும் மாணவனோ, அத்தயக்கத்தின் காரணங்களைக் கணக்கிட்டு ஒவ்வொன்றாக நீக்கும் வழிகளை ஆராய்வான். புவி வெப்பமடைந்து வருகின்ற இக்காலத்தில் மற்றோர் ஐம்பது ஆண்டுகள் தயங்கி நிற்பதற்கு நமக்கு அவகாசமில்லை. வரலாற்றுக் கல்வி தொழில்நுட்பத்திற்கு ஆற்றக்கூடிய பணி இரண்டாமவனை உருவாக்குவதேயாகும்.